பதினேழு வீட்டுக் கைப்பிடி அரிசி

எங்கள் சபையில் எனக்கு வரம் கிடையாது. இது நானாகச் சொல்வதில்லை. உபதேசியார் சொன்னது. பதினேழு குடும்பங்களுக்கு முன்னால் எழுப்பி நிறுத்திச் சொன்னது.

மலாயாவில், கோலா சிலாங்கூரிலிருந்து ஆற்றைத் தாண்டி, பாசிர் பெனம்பாங்கையும் தாண்டி உள்ளே போனால் எங்கள் ரப்பர் தோட்டம். அங்கே வேதக்காரர்கள் நாங்கள் பதினேழு வீடுதான். மற்ற லயத்து வரிசை வீடுகளில் எல்லாம் மாரியம்மன் கும்பிடுகிறவர்கள். தோட்டத்து எல்லையில், செம்மண் சாலை ஓரமாக, பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக எங்களுக்கு ஒரு கோயில் இருந்தது. உபதேசியார் பட்டணத்திலிருந்து சைக்கிளில் வந்து ஆராதனை நடத்துவார். முன்னால் ஒரே ஒரு பெஞ்சு. அதில் தோட்டத்து ஆபீஸ் கணக்குப் பார்க்கிற பெரிய கிராணி வீட்டார் உட்காருவார்கள். பாலுக்காக ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறி மரம் வெட்டுகிற நாங்கள் பாயில். ஆண்டவர் முன்னால் எல்லோரும் சமம் என்று பாடும்போதும் கிராணி பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார், நாங்கள் பாயில்தான் உட்கார்ந்திருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த சூட்டில் இருந்தார். உடம்பென்றால் கண்ணும் வேண்டும் காலும் வேண்டும், காலைப் பார்த்து நீ வேண்டாம் என்று கண் சொல்லக் கூடாது, அதுபோல இந்தச் சபையில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரம் உண்டு என்று பிரசங்கம் செய்தார். அதோடு விட்டிருந்தால் நல்லது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, யார் யாருக்கு என்ன வரம் என்று வாசிக்க ஆரம்பித்துவிட்டார். பெரிய கிராணிக்கு வேதம் வாசிக்கிற வரம். கிராணி அம்மாவுக்குப் பாட்டு வரம். அந்த அம்மாள் மேல் சுதிக்குப் போனால் கூரைத் தகரம் கூசும், அது வேறு விஷயம். எங்களை வேலை வாங்குகிற மண்டோருக்கு நிர்வாக வரம். எங்கள் பக்கத்து வீட்டு நெட்டையனுக்கு மரம் ஏறிக் குருத்தோலை வெட்டுகிற வரம். இருமலில் படுத்தே கிடந்த கிழவருக்கு ஜெப வரம். எழுந்து நிற்கக்கூட முடியாதவருக்கு ஒன்று கொடுத்தார்களே என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினோம். ஒருத்தி நான். இன்னொருத்தி என் லயத்திலேயே கடைசி வீட்டில் இருந்த விதவை. ஆறு வயதில் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவள், புருஷனையும் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டுத் தனியாக மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். எதைக் கேட்டாலும் சிரிப்பாள், பதில் சொல்ல மாட்டாள். ஊமைக்கோட்டான் என்று நானே அவளைக் கேலி செய்வேன். உபதேசியார் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "கோயிலைக் கூட்டிச் சுத்தமா வைக்கிற வரம்" என்றார். அவள் சர்க்கார் மெடல் குத்திய மாதிரி தலை குனிந்து கும்பிட்டாள்.

பிறகு என்னை எழுப்பினார்.

"உனக்குப் பொறுமைங்கிற வரம் கெடைக்கணும்னு சபை ஜெபிக்கும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். கிராணி அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

எனக்கு வாய் நீளம். மறுக்கவில்லை. பங்கீட்டு அரிசியில் கல் கிடந்தால் கிராணி ஆபீசுக்கு முதலில் யார் போக வேண்டும்? நான். குழாயில் மூன்று நாள் தண்ணீர் வரவில்லை என்றால் துரை பங்களா வாசலில் நின்று கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாயில் கத்த யார் வேண்டும்? நான். மண்டோர் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் ஒரு பெண்ணைக் கெட்ட வார்த்தை சொன்னால் அவன் குடையைப் பிடுங்கி எறிய யார் வேண்டும்? அதற்கும் நான். இதே பதினேழு வீட்டுப் பொம்பளைகள்தான் என் முதுகில் கை வைத்துத் தள்ளி, "நீ கேளுக்கா, நீ கேட்டாத்தான் நடக்கும்" என்பார்கள். சண்டைக்கு நான், சபைக்கு அவர்கள். பொறுமை வேண்டுமாம் எனக்கு. அவர்களுக்கெல்லாம் நான் பொறுமையாக இருந்திருந்தால் கல்லைத்தான் தின்றிருப்பார்கள்.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு மணி அரிசி போகக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். சிதறிக் கிடந்த லயங்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்வேலி அடித்து, ஒரே ஒரு கேட் வைத்தார்கள். காலையில் வெட்டுக்குப் போகும்போது ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. வாளியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும், முந்தானையை உதறிக் காட்ட வேண்டும். பசியாறச் சோறு கொண்டுபோகக் கூடாது. வெறும் வயிற்றோடு போய் வெட்டிவிட்டு உச்சி வெயிலில் திரும்பி வந்து தின்றோம். அரிசி அளவு கார்டில். வயிற்றுக்கு அளவு போட்டவன் வேலைக்கு அளவு போடவில்லை. எங்கள் கோயில் வேலிக்கு வெளியே கால் மைல் தூரத்தில் மாட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எங்களை விட்டார்கள், பன்னிரண்டு மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம். ஊரிலிருந்து கொண்டு வந்தது. உலை வைக்க அரிசி அளக்கும்போது, அளந்ததிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டின்னில் போட வேண்டும். அது ஆண்டவருக்கு. சனிக்கிழமை அதைச் சேர்த்துக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். கொஞ்சம் உபதேசியாருக்கு, மிச்சம் அறுப்பின் பண்டிகைக்குப் பெட்டியில் சேரும். பண்டிகையன்று எல்லோருக்கும் அதில்தான் சோறு. அரிசியைக் கார்டில் கொடுக்க ஆரம்பித்ததும் இந்தப் பழக்கத்தை நிறுத்தியிருக்க வேண்டும். மற்ற மனுஷர்களாக இருந்தால் நிறுத்தியிருப்பார்கள். நாங்கள் நிறுத்தவில்லை. ஆண்டவருக்கு எடுத்து வைப்பதைச் சட்டம் தடுக்காது என்று உபதேசியார் சொன்னார். கிராணி ஆமென் என்றார். நானும்தான் போட்டேன். அரை வயிறு சாப்பிட்டுக்கொண்டு தினமும் ஒரு கைப்பிடி போட்டேன், அதை இன்று நினைத்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

கேட்டைத் தாண்டி அதை யார் கொண்டுபோவது? கிராணி போவாரா? மண்டோர் போவாரா? கோயிலைக் கூட்டுகிற வரம் பெற்றவள் இருக்கிறாளே. சனிக்கிழமை மாலையில் துடைப்பமும் வாளியுமாக அவள் போய் வர கேட்டில் அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். ஸ்பெசல் கான்ஸ்டபிள்கள் அவளைப் பழகிப்போய்ச் சரியாகச் சோதிப்பதில்லை. வாளியின் அடியில் அரிசிப் பை, அதன் மேல் ஈரத் துணி. யோசனை கிராணியுடையது. அவரே ஒருநாள் பெருமையாகச் சொன்னார், "பாத்தியா, ஆண்டவரு யாருக்கு எந்த வரம்னு தெரிஞ்சுதான் குடுக்கிறாரு" என்று.

பண்டிகைக்கு மூன்று வாரம் இருந்தது. அந்தச் சனிக்கிழமை கேட்டில் புதிதாக ஒரு பொம்பளை சோதனைக்காரி. துணியைத் தூக்கினாள். ஆறு காத்தி அரிசி, மூன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். பதினேழு வீட்டுப் பிடி என்பதால் பழுப்பும் வெள்ளையும் குருணையும் கலந்து கிடந்தது. ஒரு வீட்டு அரிசி இல்லை என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். பல வீட்டில் வாங்கி வெளியே கொண்டுபோகிறாள் என்றால் யாருக்கு? காட்டுக்குத்தான். அங்கேயே அவளை லோரியில் ஏற்றி கோலா சிலாங்கூர் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்று கேட்டில் நின்றவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் கோயிலில் நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் எதிர்பார்த்தது என்ன? உபதேசியாரும் கிராணியும் உடுப்பை மாற்றிக்கொண்டு போலீசுக்குப் போவார்கள், ஐயா இது எங்கள் கோயில் அரிசி என்று சொல்வார்கள் என்றுதானே? அவர்கள் முதலில் செய்த வேலை, பண்டிகைப் பெட்டியில் சேர்ந்திருந்த அரிசி முழுவதையும் கோயிலுக்குப் பின்னால் ஓடிய சாக்கடைக் கானில் கொட்டியது. வீட்டில் இருக்கிற டின்னை எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைக்கச் சொன்னார்கள். யார் கேட்டாலும் நமக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டுமாம். பிறகு எல்லோரும் முழங்கால் போட்டு அவளுக்காக ஜெபம் செய்தார்கள்.

நான் முழங்கால் போடவில்லை. நின்றுகொண்டே கேட்டேன்.

"பைய அவ கையில குடுத்தது யாரு? நீங்கதானே? காலு வேணாம்னு கண்ணு சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்களே ஐயா, இப்ப யாரு சொல்றது?"

"உக்காரும்மா. இது ஜெபிக்கிற நேரம்" என்றார் உபதேசியார்.

"அவள நாடு கடத்திடுவாங்கய்யா. அங்க அவளுக்கு யாரு இருக்கா?"

கிராணி பெஞ்சிலிருந்து திரும்பினார். "ஒருத்திக்காகப் பதினேழு குடும்பம் ஜெயிலுக்குப் போகணுமா? சொல்லு. நீ போறியா?"

என் முதுகில் கை வைத்துத் தள்ளுகிறவர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

இரண்டு நாள் நான் பொறுத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் வீட்டுக்காரர் வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டு, "வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்காத" என்றார். எனக்கும் பயம் இருந்தது. செவ்வாய்க்கிழமை இரவு முழுவதும் தூக்கம் இல்லை. புதன்கிழமை பெரட்டுக்குப் போகாமல், இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, உடம்புக்கு ஆகவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று கேட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

போலீஸ் நிலையத்தில் இருந்த இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர். வயதானவர். கத்தவில்லை, மிரட்டவில்லை. என்னை உட்காரச் சொன்னார். அது எனக்குப் புதுசு. என்ன வேண்டும் என்றார்.

"துவான், இத்து பெராஸ் கெரெஜா பூஞா" என்றேன். அந்த அரிசி கோயிலுடையது.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான்கு நாளாக அந்தப் பெண்ணைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம், யார் கொடுத்தது என்று ஒரு பெயர் சொல்ல மாட்டேன் என்கிறாள், அடிக்கவில்லை, சோறு கொடுத்தோம், நல்லபடியாகத்தான் கேட்டோம், இப்படியே இருந்தால் தடுப்புக் கேம்ப், அப்புறம் கப்பல் என்றார். பிறகு அவளைக் கூட்டி வந்து கதவோரம் நிறுத்தினார்கள். கலைந்த தலையும் கசங்கிய சேலையுமாக நின்றாள். என்னைப் பார்த்ததும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். பயத்தில் ஆட்டுகிறாள் என்று நினைத்தேன். பயப்படாதே, நான் இருக்கிறேன் என்று கையைக் காட்டினேன். அவளை மறுபடி உள்ளே கொண்டுபோனார்கள்.

அப்போது இன்ஸ்பெக்டர் மேசையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். தோட்டத்திலிருந்து வந்ததாம். பெரிய கிராணி எழுதி, உபதேசியாரும் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் அதை மலாயில் எனக்குச் சொன்னார். இந்தப் பெண்ணுக்குப் புத்தி கொஞ்சம் மட்டு, வீடு வீடாகத் திருடிச் சேர்த்திருக்கிறாள், யாருக்குக் கொடுத்தாள் என்று சபைக்குத் தெரியாது, சபைக்கும் அவளுக்கும் இதில் சம்பந்தம் இல்லை.

என் வீட்டு அரிசியும் அதில் இருக்கிறது, கோயில் வழக்கம் இது என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தலாம் என்றுதான் பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தேன். கடிதத்தைக் கேட்ட பிறகு நிறுத்துவதா? முதல் வீட்டிலிருந்து பதினேழாவது வீடு வரை சொன்னேன். சாக்கடையில் கொட்டியதைச் சொன்னேன். வாளியும் துணியும் யாருடைய யோசனை என்று சொன்னேன். கிராணி பெயரைச் சொல்லும்போது என் வாய் இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், வெல்லக்கட்டியை ஒதுக்கி வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இனித்தது. அந்த அம்மாள் முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்புக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

அன்று மாலையே லோரி வந்தது. கானில் கொட்டிய அரிசி ஊறி உப்பி வெள்ளை வெள்ளையாக அடியில் படிந்து கிடந்ததைப் பார்த்தார்கள். வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. காட்டுக்குப் போகவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்துபோனதால் யாரையும் கப்பல் ஏற்றவில்லை. கிராணியையும் மண்டோரையும் இரண்டு நாள் வைத்து விசாரித்து அனுப்பினார்கள். கிராணியை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். உபதேசியார் எங்கள் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. பதினேழு வீட்டுக்கும் ஒரு மாதம் அரிசியைக் குறைத்துவிட்டார்கள். வேலிக்கு வெளியே கட்டடம் எதற்கு என்று துரை கோயிலைப் பிரிக்கச் சொன்னார். எங்கள் ஆண்களே போய்ப் பலகை பலகையாகப் பிரித்தார்கள். அந்தப் பலகையில்தான் கேட்டில் சோதனைக்காரர்களுக்கு ஒரு கொட்டகை போட்டார்கள். ஒவ்வொரு நாளும் அதன் நிழலில் நின்று முந்தானையை உதறினோம்.

அந்த விதவையை வியாழக்கிழமை விட்டுவிட்டார்கள்.

அப்புறம் எனக்கு நடந்ததைச் சொல்லவா? யூதாஸ்காரி என்று பெயர் வைத்தார்கள். நான் குழாயடிக்குப் போனால் வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். என் வீட்டுச் சேவல் செத்துக் கிடந்தது. எனக்கு அது ஒன்றும் பெரிதில்லை, நானும் சும்மா இருக்கவில்லை, ஒவ்வொரு வாசலிலும் நின்று திருப்பிக் கொடுத்தேன். குறைந்த அரிசிக்கு என்னைத் திட்டியவளிடம், உனக்கு அரிசி குறைஞ்சுது, அவளுக்கு உசுரே போயிருக்கும்டி என்றேன். ஒருத்தியைக் காப்பாற்றியவள் நான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊரே சேர்ந்து வாயை மூடிக்கொண்டபோது திறந்த வாய் இது ஒன்றுதான். வரம் இல்லையாம்.

அவள் மட்டும் என்னைப் பார்க்க வரவில்லை. நான்கு வீடு தள்ளித்தான் இருந்தாள். நன்றி சொல்ல வேண்டாம், வந்து உட்கார்ந்துவிட்டாவது போகலாம். வரவில்லை. வெட்டில் அவள் மர நிரையும் என் மர நிரையும் பக்கம் பக்கம். நான் இந்த மரத்தில் நின்றால் அவள் அந்த மரத்தில் நிற்பாள். முன்பெல்லாம் சிரிப்பாள். இப்போது சிரிப்பும் இல்லை. ஒரு மாதம் பார்த்தேன், இரண்டு மாதம் பார்த்தேன். ஒருநாள் பால் எடுக்கிற நேரத்தில் என்னால் முடியவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு அவள் மரத்துக்கே போனேன்.

"ஏன்டி, அவளுங்கதான் மூஞ்சியத் திருப்புறாளுங்க. ஒனக்கு என்ன? ஒன்ன கப்பல் ஏத்தாம காப்பாத்துனவ நான். ஒரு வார்த்த பேச மாட்டியா?"

அவள் மரத்திலிருந்து பால் வடிகிற மங்குக் கோப்பையைக் கழற்றி வாளியில் ஊற்றினாள். ஒட்டியதை விரலால் வழித்தாள். பேச மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"நாலு நாளு கேட்டுக்கிட்டே இருந்தாங்கக்கா" என்றாள். "நான் சொல்லல."

"அதான் தெரியுமே. பயந்துபோயிருந்த."

"பயமா? பயந்திருந்தா மொத நாளே சொல்லியிருப்பேன்."

மங்குக் கோப்பையைக் கம்பியில் மாட்டினாள். அவள் குரலை அவ்வளவு நேரம் தொடர்ந்து நான் அதுவரை கேட்டதே இல்லை.

"எனக்குப் பாடத் தெரியாது. படிக்கத் தெரியாது. ஒன்னய மாதிரி நாலு பேருக்கு முன்னால பேச வராது. சபைக்குன்னு நான் செய்யக்கூடியது அது ஒன்னுதான் இருந்துச்சு. வாய மூடிக்கிட்டு இருந்துட்டா யாருக்கும் ஒன்னும் வராது, கோயிலு நிக்கும்னு இருந்தேன்."

"யாருக்காக? அவனுங்க ஒன்னய திருடின்னு எழுதிக் குடுத்தானுங்கடி! பைத்தியம்னு கையெழுத்துப் போட்டானுங்க! தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். இன்ஸ்பெக்டரு படிச்சுக் காட்டுனாரு."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

எனக்கு வந்த கோபம் அதுவரை யார் மேலும் வந்ததில்லை. கிராணி மேல்கூட வந்ததில்லை. என் ஊர், என் சபை, என் அரிசி எல்லாவற்றையும் இவளுக்காக இழந்துவிட்டு நிற்கிறேன், இவள் எனக்குக் கணக்குச் சொல்கிறாளா? அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"அப்ப பேசாம கப்பலேறிப் போயிருக்க வேண்டியதுதானடி!"

அவள் என் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். அவளுக்குக் கோபமே வரவில்லை.

"அதத்தாங்க்கா நானும் சொல்றேன்" என்றாள்.

வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனாள்.